கொண்டோவில் திடீரென்று முளைத்த கேட்: நிர்வாகக் குழு தானாகப் போடலாமா?

மலேசியாவில் பந்திங் மாதிரி தோட்டப் பட்டணங்களில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு அடுக்குமாடிக் கொண்டோவுக்குக் குடிவந்த குடும்பங்கள் நிறைய. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் வாசலில் பூம் கேட், மாடிப்படியில் இரும்புக் கதவு. ‘யாரைக் கேட்டுப் போட்டார்கள்?’ என்று லிஃப்டில் புலம்புவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், சட்டத்தில் வழி இருக்கிறது.

படி 1: நிர்வாகம் யார்?

பராமரிப்புக் கட்டண பில்லைப் பாருங்கள். ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) அல்லது எம்சி (நிர்வாகக் கழகம்) என்று இருக்கும். இரண்டுக்கும் 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டம்தான், அதாவது சட்டம் 757.

படி 2: எதை, எங்கே போட்டார்கள்?

முழு வழக்கும் இங்கேதான் இருக்கிறது. பொதுச் சொத்தைப் பராமரிப்பது குழுவின் கடமை. பழுதான கேட்டை மாற்ற, கேமரா பொருத்த, வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் பொதுக்கூட்டம் குழுவுக்கு ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால் அதை மீறக் கூடாது. அப்புறம், கேட் வைப்பது வேறு, ‘ராத்திரி 10 மணிக்கு மேல் விருந்தாளி வரக்கூடாது’ என்று புது விதி போடுவது வேறு. பாதுகாப்பு பற்றிய கூடுதல் விதிக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, நான்கில் மூன்று பங்கு ஓட்டு.

மாடிப்படிக் கதவை மட்டும் உடனே போய்ப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றிச் சங்கிலி, அதில் பூட்டு, சாவியோ கீழே காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம். நடுராத்திரியில் புகை சூழ்ந்தால் எட்டாம் மாடிப் பாட்டி சாவி வரும்வரை நிற்க முடியுமா? தீ வெளியேறும் வழியைப் பூட்டக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. எல்லாரும் கைதூக்கி ஒப்புக்கொண்டாலும் கிடையாது. படம் எடுத்து நேராகத் தீயணைப்புத் துறையான பொம்பாவிடம் புகார் கொடுங்கள். மற்ற படிகள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படி 3: எழுத்தில் கேளுங்கள்

வாட்ஸ்அப் சண்டை வேண்டாம். குழு முடிவெடுத்த கூட்டக் குறிப்பு, கொட்டேஷன், பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற விவரம், இந்த மூன்றையும் கடிதத்தில் கேட்டு, நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்குங்கள். பொதுச் சொத்தை மேம்படுத்த சிங்கிங் ஃபண்டை (பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைக்கும் நிதியை) பயன்படுத்தலாம். அதனால் அங்கிருந்து எடுத்தார்கள் என்பது மட்டுமே குற்றமாகாது.

படி 4: கட்டணத்தை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் பலரும் முதலில் செய்வது இதைத்தான். கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன் பாக்கி இருந்தால் உங்களுக்கு ஓட்டு இல்லை. சண்டை போட வேண்டிய இடத்திலேயே வாய் அடைபட்டுவிடும்.

படி 5: இஜிஎம் (சிறப்புப் பொதுக்கூட்டம்)

மொத்தப் பங்கு அலகில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு எண்ணிக்கையில்) நான்கில் ஒரு பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், ஆறு வாரத்துக்குள் குழு கூட்டம் போட்டாக வேண்டும். ‘இவ்வளவு ரிங்கிட்டுக்கு மேல் செலவு என்றால் பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டும்’ என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கேட்டைப் பிடுங்குவதைவிட இதுதான் பலமானது, அடுத்த குழுவையும் கட்டுப்படுத்தும்.

படி 6: வெளியே போவது

குழு அசையவில்லையா? நகராண்மைக் கழகத்தில் இருக்கும் கட்டட ஆணையரிடம் புகார் கொடுங்கள். அதற்கும் மேலே ஸ்ட்ராத்தா நடுவர் மன்றம். 2,50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அங்கே கொண்டுபோகலாம். பொதுவாக வக்கீல் கிடையாது, நீங்களே பேச வேண்டும். முத்திரை வாங்கிய அந்தக் கடித நகல்தான் அங்கே உங்கள் முதல் சாட்சி.