பசுமைக்குடில் அஸ்திவாரம்: காற்றை மனதில் வைத்துக் குழி எடுங்கள்

வீட்டு அஸ்திவாரம் பாரத்தைத் தாங்குவதற்கு. பசுமைக்குடில் கதை வேறு. குழாயும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்து என்ன பெரிய கனம் இருந்துவிடப் போகிறது? ஆடிக் காற்று உள்ளே புகுந்தால் குடில் மேலே கிளம்பத்தான் பார்க்கும். அதை மண்ணோடு பிடித்து வைப்பதே அஸ்திவாரத்தின் வேலை. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் குடில் அமைப்பது என் தொழில். வீட்டுத் தோட்டத்துக்கும் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. “இத்தனூண்டு குடிலுக்கு இவ்வளவு ஆழமா தம்பி?” என்று பாகலூரில் ஓர் அம்மா கேட்டார். “கனம் இல்லாததைத்தானே அம்மா காற்று முதலில் தூக்கும்” என்றேன்.

மழைநீர் தேங்காத இடமாகப் பாருங்கள். மரநிழல் வேண்டாம். புதிதாகக் கொட்டி நிரப்பிய மண்ணில் குழி எடுக்கவே கூடாது.

15 அடி அகலம், 20 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிப்பது சுலபம். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் சரியாக 25 அடி வர வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் முளையை மாற்றி அடியுங்கள். இங்கே விட்ட கோணல் மேலே வளைவுக் குழாய் பூட்டும்போது பல்லைக் காட்டும்.

நீளவாக்கில் 5 அடிக்கு ஒரு குழி, பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் பத்து. ஓர் அடி சதுரம், இரண்டடி ஆழம். அடிப்பகுதியை மட்டும் கடப்பாரையால் சுற்றிலும் இரண்டு அங்குலம் குடைந்து அகலமாக்குங்கள். கீழே அகன்று மேலே குறுகிய கான்கிரீட்டைப் பிடுங்குவது கடினம். நம் செம்மண்ணும் சரளையும் சரியாமல் நிற்கும் என்பதால் இப்படிக் குடைய முடிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தில் ஓரடியிலேயே பாறை தட்டுவதும் உண்டு. அங்கே வேறு இடம் தேட வேண்டாம். பாறையில் துளை போட்டு, தூசியை நன்றாக ஊதி, கம்பியைச் சிமெண்ட் பாலோடு இறக்கி, அதன்மேல் கான்கிரீட் போடுங்கள்.

குழிக்குள் நிற்பது இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், தூண் பிறகு இதற்குள் இறங்கி போல்ட்டில் பூட்டப்படும். குழாயின் அடியில் குறுக்காக இரண்டு கம்பித் துண்டுகளைப் பற்றவைத்துவிடுங்கள். இதை வீண் செலவு என்பவர்கள் உண்டு. கான்கிரீட் குழியிலேயே இருக்க, வழவழப்பான குழாய் மட்டும் உருவிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். குழாய் வாயில் சாக்குத் துணியைத் திணித்து, தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். பத்துக் குழாய்களின் தலையும் ஒரே உயரமா என்று டியூப் மட்டத்தில் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயில்) பார்த்த பிறகே கலவை.

சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, முக்கால் அங்குல ஜல்லி நான்கு. ஐந்து மூட்டை சிமெண்ட் போதும். தண்ணீரைக் கணக்காக ஊற்றி, கம்பியால் குத்திக் குத்தி நிரப்புங்கள். ஒரு குழிக் கான்கிரீட் 135 கிலோவுக்குக் குறையாது. குடிலின் நங்கூரம் அதுதான்.

குழாய் பெரும்பாலும் துருப்பிடிப்பது மண்மட்டத்தில். ஆகவே கான்கிரீட்டைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே ஏற்றி, குழாயைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகப் பூசுங்கள். தண்ணீர் நிற்காது.

ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகுதான் தூணை இறக்க வேண்டும். தாளின் விளிம்பைப் புதைக்க, கான்கிரீட்டை ஒட்டி வெளியே ஓரடி ஆழக் கால்வாயை அப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.