அல்பத்தின் மூலையில் நிற்கும் தொலைக்காட்சிப் பெட்டி: பழைய குடும்பப் படங்களில் அதனை இனங்காணும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பழைய அல்பம் ஒன்று முழுதாக மிஞ்சியிருக்கும் வீடுகள் குறைவு. 1978 நவம்பர்ச் சூறாவளி கூரையோடு கொண்டுபோனவை போக, இடப்பெயர்வுகளில் விட்டுவந்தவை போக, 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டவையும் போக எஞ்சிய படங்களின் பின்புறத்தில் திகதி எழுதியிருப்பது அரிது. சாமத்திய வீடு (பூப்புச் சடங்கு), கல்யாணம், சுன்னத்துச் சடங்கு, வெளிநாட்டிலிருந்து மாமா வந்து இறங்கிய நாள் என எதுவாயினும், ஹோலில் எடுத்த படமாக இருந்தால் ஆட்களுக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தெரிவதுண்டு. படத்தின் காலத்தை மட்டிடுவதற்கு அது நல்ல சாட்சி. ஆயினும் அந்தப் பெட்டி சொல்லக்கூடியது 'இந்தப் படம் இதற்கு முன் எடுக்கப்பட்டதல்ல' என்பதை மட்டுமே. எதற்குப் பின் எடுக்கப்பட்டதல்ல என்பதை அதனிடம் கேட்க முடியாது.

முதல் எல்லையை நாட்டின் ஒளிபரப்பு வரலாறே தருகிறது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். நிலையத்துடன் தொடங்கியது, அதுவும் ஆரம்பத்தில் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே எட்டியது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று ஆரம்பித்த பின்னரே நாடளாவிய ஒளிபரப்பு என்று சொல்லத்தக்கது வந்தது. ஆகவே நமது பகுதி வீடொன்றினுள் பெட்டி தெரியும் படம் சூறாவளிக்கு முந்தியது என்று யாராவது அடித்துச் சொன்னால், அதனை ஏற்பதற்கு முன் நன்கு விசாரிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெரியம்மா ஒருவர் ஒரு படத்தை '77ஆம் ஆண்டு' என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார். அதில் கதவோரம் நின்ற பெட்டியைக் காட்டியபோது, சற்று யோசித்துவிட்டு, அது தன் மூத்த மகளின் சடங்கல்ல, இளையவளின் சடங்கு என்று தானே திருத்திக்கொண்டார்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. மத்திய கிழக்கிலோ இலண்டனிலோ எடுத்து, கடிதத்துடன் அனுப்பிய படமும் அதே அல்பத்தில் ஒட்டப்பட்டிருக்கலாம். எனவே பெட்டியைப் பார்ப்பதற்கு முன் சுவரையும், சாளரத்தையும், மின்செருகியின் அமைப்பையும் பார்த்து, அது எந்த நாட்டு அறை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்துப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். பசைத்தாள் அல்பங்களில் ஒட்டிப்போன படங்களைப் பலவந்தமாக உரிக்காமல், பக்கத்தோடு சேர்த்தே குறைந்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கான் செய்வது நல்லது. நெகட்டிவ் கிடைத்தால் அதுவே மேல். ஸ்கான் செய்த படத்தில் இருண்ட பகுதியை மட்டும் வெளிச்சமாக்கினால், கறுப்புக் கட்டியாகத் தெரிந்த பெட்டியில் குமிழ்களும் ஒலிபெருக்கியின் கீற்றுகளும் வெளிப்படும்.

அவ்வாறு வெளிப்படுவனவற்றுள் மிகுந்த பயன் தருவது கட்டுப்பாட்டுப் பகுதியே. திரைக்கு வலப்புறம் மேலும் கீழுமாக இரண்டு பெரிய வட்டக் குமிழ்கள் இருந்து, பெட்டியின் உடலும் மரமாகவோ மரம்போன்ற பூச்சாகவோ இருந்தால், அது 1970களின் அல்லது 1980களின் தொடக்க காலத்து அமைப்பு. குமிழ்களுக்குப் பதிலாகச் சிறு பொத்தான்கள் வரிசையாக இருப்பது அதற்கடுத்த கட்டம். வலப்புறப் பகுதி மறைந்து, திரையே முகம் முழுவதையும் நிறைத்து, பொத்தான்கள் திரைக்குக் கீழே சிறு மூடியினுள் ஒளிந்திருந்தால், அது ரிமோட் பழக்கத்துக்கு வந்த பின்னைய பெட்டி. பெரும்பாலும் 1980களின் பிற்பகுதி அல்லது 1990கள். ஆழமான உடலுடன் முகம் மட்டும் தட்டையாகவும், நிறம் வெள்ளிச்சாம்பலாகவும் இருந்தால் 1990களின் இறுதிக்கோ 2000களுக்கோ வந்துவிட்டோம்.

பெயர்த்தகடு மங்கலாக இருந்தாலும் மனந்தளர வேண்டியதில்லை, எழுத்துகளை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் சோனிக்கு நான்கு எழுத்து, ஷார்ப்புக்கும் சன்யோவுக்கும் ஐந்து, சிங்கருக்கு ஆறு, ஹிட்டாச்சி, தோஷிபா, பிலிப்ஸ் ஆகியவற்றுக்கு ஏழு, நஷனலுக்கு எட்டு. இந்த நஷனலே பின்னாளில் பானசோனிக் என்ற ஒரே பெயருக்குள் அடங்கியது. சோனியின் ட்ரினிட்ரான் என்ற படக்குழாய்க்கு வேறோர் அடையாளமும் உண்டு: மற்றைய பழைய திரைகள் நாற்புறமும் புடைத்திருக்க, இது உருளையின் ஒரு துண்டுபோல் பக்கவாட்டில் மட்டுமே வளைந்திருக்கும். அதனால் இடவல ஓரங்கள் கோடு போட்டதுபோல் நேராகத் தெரியும்.

திரையின் அளவை அறிய, பெட்டியின் மேல் கிடக்கும் வீடியோ கசற் உதவும். வீ.எச்.எஸ். கசற்றின் நீளம் ஏறத்தாழ 18.7 சென்ரிமீற்றர். அதைக் கோலாகக் கொண்டு திரையின் அகலத்தை அளந்து, பழைய திரைகளின் விகிதம் 4:3 என்பதால் அந்த அகலத்தை ஐந்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் மூலைவிட்டம் வரும். கடையில் சொன்ன அளவு குழாயின் மறைந்த ஓரத்தையும் சேர்த்தது என்பதால், உங்கள் கணக்கு ஓர் அங்குலம் குறைந்து வந்தால் அது பிழையல்ல. கசற் இருப்பதே இன்னொரு செய்தி: அந்த வீட்டில் டெக் (வீடியோ கசற் ஓட்டும் கருவி) இருந்தது, அல்லது வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தார்கள்.

கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் பலரை ஏமாற்றுவது. அதனைக் கண்டவுடன் மிகப் பழைய படம் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். 12 அல்லது 14 அங்குலச் சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுள் பல 12 வோல்ட் பற்றரியிலும் இயங்கக்கூடியவை. ஆதலால் மின்சாரம் எட்டாத, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களிலும், யுத்த காலத்தில் மின்சாரம் நின்றுபோன ஊர்களிலும் வர்ணப் பெட்டி பரவிய பின்னரும் அவை நீண்ட காலம் உழைத்தன. பெட்டியின் அருகே வாகன பற்றரியும் இரண்டு வயர்களும் தெரிந்தால், உருவத்தை வைத்துக் காலம் சொல்வதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வீட்டின் வெளிப்புறப் படமாயின் கூரைக்கு மேலே பாருங்கள். மீன் முள்ளுப்போன்ற அன்ரனாவின் குச்சிகளின் நீளம், அது பிடிக்கும் அலையின் நீளத்தில் ஏறத்தாழ அரைவாசி. முக்கால் மீற்றர் அளவிலான குச்சிகள் வீ.எச்.எப். (நீளம் கூடிய ஒளிபரப்பு அலைகள்) வரிசையின் மேற்பகுதிக்கு உரியவை; ஒரு சாண் அளவிலான குச்சிகள் பலவாக நெருங்கியிருந்தால் அது யூ.எச்.எப். (நீளம் குறைந்த அலைகள்) அன்ரனா. தனியார் நிலையங்கள் 1990களில் பெருகிய பின்னரே இவ்வகை நம் கூரைகளில் அதிகம் ஏறியது.

கண்ணாடிப் பிம்பம்போல் இடம் வலம் மாறி அச்சான படங்களும் உண்டு. குமிழ்கள் திரைக்கு இடப்புறம் இருந்தால், புதிய மாதிரி என்று வியப்பதற்கு முன் பெண்களின் முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பாருங்கள். அது வலத்தோளிலும் ஆண்களின் சட்டைப்பை வலப்புறமும் இருந்தால், ஸ்ருடியோவில் நெகட்டிவைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

திரையில் ஓடும் நிகழ்ச்சியைக் கொண்டு திகதி கண்டுபிடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பிளாஷ் வெளிச்சம் திரையைச் சாம்பலாக வெளுப்பித்துவிடும். பிளாஷ் இல்லாமல் வேகமான ஷட்டரில் எடுத்தால் காட்சியின் ஒரு பட்டை மட்டுமே பதிந்து மிகுதி இருளாகும். ஆகவே இதில் நேரத்தைச் செலவிட நான் பரிந்துரைப்பதில்லை.

பின் எல்லையைத் தருவது மனிதர்களே. நமது பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதும், மூத்தவள் கல்யாணத்தோடு பெற்றோர் இன்னொரு வளவில் வீடு கட்டிப் போவதும் வழமை என்பதால், படத்திலுள்ள ஹோல் எந்த மகளின் வீடு என்று கேட்டால் போதும், பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் காலம் சுருங்கிவிடும். பெட்டியை யார் கொண்டுவந்தார், குவைத்திலிருந்தா சவூதியிலிருந்தா, அவர் திரும்பிய வருடம் எது என்பதையும் அதே இருப்பில் கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். ஓரத்தில் செம்மஞ்சள் இலக்கத்தில் திகதி அச்சாகியிருந்தாலும் கேட்பதை விட்டுவிடாதீர்கள், கமெராவின் பற்றரியை மாற்றியபின் திகதியைத் திருத்தி வைக்காதவர்கள் ஏராளம்.