சங்கக் கடிதத்துக்கு ஒரு வார்ப்புரு

களுவாஞ்சிகுடியில் மாதர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் கடிதத்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தட்டச்சு செய்வது வீண் வேலை. அதற்காக ஒரு வார்ப்புரு, அதாவது மாறாத பகுதிகளை முன்கூட்டியே இட்ட மாதிரிக் கடிதம், செய்து வைக்கலாம்.

கூகுள் டாக்ஸில் வெற்று ஆவணம் திறந்து, பக்க அமைப்பில் ஏ4 தெரிவு செய்யுங்கள். சங்கப் பெயர், பதிவு இலக்கம், முகவரி தலைப்பகுதியில் போகட்டும். மாறுகின்ற இடங்களை மட்டும் [திகதி], [விடயம்] என இட்டு மஞ்சள் பூசுங்கள். நிரப்பாமல் விட்டது உடனே கண்ணில் படும்.

தனிப்பட்ட கூகுள் கணக்கில், டாக்ஸில் ஏற்கெனவே இருக்கும் வார்ப்புருத் தொகுப்புக்குள் நம்முடையதைச் சேர்க்க முடியாது. அதைவிட எளிய வழி இருக்கிறது. இணைப்பு வைத்திருப்பவர் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். பிறகு அந்த இணைப்பு முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள ‘எடிட்’ முதல் அனைத்தையும் அழித்து, ‘கொப்பி’ என்ற ஆங்கிலச் சொல்லை இடுங்கள். திறப்பவரிடம் பிரதி எடுக்கவா என்றுதான் கேட்கும். மூலத்தில் யாரும் கை வைக்க முடியாது. பொருளாளர் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் இந்த இணைப்பைத்தான் அனுப்புகிறேன்.