ஒரு மிடறு தண்ணீர் விழுங்கும்போது நாக்கு என்ன செய்கிறது? அல்ட்ராசவுண்டில் பதிவு செய்யும் முறை

விழுங்குவதைப் பதிவு செய்யும்போது திரையில் நாக்கின் மேற்பரப்பைக் காட்டும் வெள்ளைக் கோடு திடீரென்று மங்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அங்கேதான் பதறிப்போய் புரோபை (ஒலி அலையை அனுப்பி வாங்கும் கைக்கருவியை) அழுத்துவார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் அழுத்தினேன். அதனால் பத்துப் பேரின் பதிவுகளை அப்படியே ஒதுக்க வேண்டியதாயிற்று.

கோடு ஏன் மங்குகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். நாக்கின் மேல் காற்று இருக்கும்வரை, தசையைக் கடந்து வரும் ஒலி அலை காற்றில் முட்டி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். கோடு பளிச்சென்று தெரிவது அதனால்தான். விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் அப்பிக்கொள்கிறது, இடையில் காற்று இல்லை. அலை நாக்கைத் தாண்டிப் போய் அண்ணத்தைத் தொட்டுத் திரும்புகிறது. ஆக, கோடு மங்கும் அந்தச் சில ஃபிரேம்களில் அண்ணத்தின் வளைவு மெல்லத் தெரியும். உடனே அதை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு எவ்வளவு உயர்ந்தது என்று பிறகு அளக்க அந்த வளைவுதான் ஒப்பீட்டுக் கோடு.

சரி, தயாரிப்புக்கு வருவோம். வளைந்த முகப்புள்ள புரோப், 3 முதல் 8 மெகாஹெர்ட்ஸுக்குள் அதிர்வெண், 8 அல்லது 9 செ.மீ. ஆழம். ஃபிரேம் வேகத்தில் மட்டும் கறாராக இருங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் இரண்டு படங்களுக்கு நடுவே 33 மில்லிநொடி போய்விடும். நாக்கின் நுனியில் கிளம்பும் அசைவு அலைபோலப் பின்பக்கம் ஓடுவதைப் பிடிக்க அது போதாது. 60-க்கு மேல் கிடைக்கும்வரை ஆழத்தையும் படம் விரியும் கோணத்தையும் குறைத்துப் பாருங்கள். படத்தின் அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

உட்காருபவர் முதுகை நிமிர்த்தி நேரே பார்க்கட்டும். ஜெல்லைத் தாராளமாகத் தடவி, முகவாய்க்குக் கீழே நடுக்கோட்டில் புரோபை வையுங்கள். திரையில் ஒரு பக்கம் தாடை எலும்பின் நிழலும் மறுபக்கம் ஹையாய்டு எலும்பின் (நாக்குக்கு அடியில், கழுத்தின் மேல்பகுதியில் உள்ள சிறு எலும்பு) நிழலும் கறுப்பாக விழ வேண்டும். நாக்கு நடுவில் தெரியும். நுனி பெரும்பாலும் தாடை நிழலில் மறைந்துவிடும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முன்பின் குழப்பம் வந்தால் 'தா', 'கா' என்று சொல்லச் சொல்லுங்கள். 'தா'வுக்கு முன்பகுதி எழும், 'கா'வுக்குப் பின்பகுதி எழும்.

அழுத்தம்தான் எனக்கு முக்கியம். ஹையாய்டை மேலும் முன்னும் இழுக்கும் தசைகள் புரோபுக்கு நேர் மேலே இருக்கின்றன. அழுத்தினால் நீங்கள் பதிவு செய்வது அவருடைய இயல்பான விழுங்கலே அல்ல. தோலுக்கும் புரோபுக்கும் நடுவே ஜெல் மெல்லிய படலமாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அழுத்தம் சரி. தலையோடு புரோபைப் பிடித்து வைக்கும் தாங்கி இருந்தால் நல்லது. கையில் பிடித்தால் புரோப் நகர நகர, வரைந்துவைத்த அண்ணக் கோடும் பொருந்தாமல் போகும்.

ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர் அளந்து கொடுங்கள். வாயில் வைத்திருந்து, சொன்னதும் ஒரே மடக்கில் விழுங்கட்டும். மூன்று முறை. அப்புறம் 10 மி.லி., அதன்பின் வெறும் எச்சில். சொல்லி விழுங்குவதும் தானாக விழுங்குவதும் ஒன்றல்ல, ஆகவே சொல்லாமல் விழுங்கும் இரண்டொரு மிடறையும் பதிவு செய்கிறேன். கடைசியில் புரோபை 90 டிகிரி திருப்புங்கள். நாக்கின் ஓரங்கள் உயர்ந்து நடுவில் குழி விழுந்து, தண்ணீரைக் கிண்ணம்போல ஏந்தியிருப்பது தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

அளக்கும்போது ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி மூன்று நேரங்களைக் குறியுங்கள்: நாக்கு அசையத் தொடங்குவது, அண்ணத்தோடு முழுவதும் ஒட்டுவது, பழைய நிலைக்குத் திரும்புவது. ஹையாய்டு நிழல் தாடை நிழலை நோக்கி எவ்வளவு நெருங்குகிறது என்பதையும் அளந்துவிடுங்கள். இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

கதிர்வீச்சு இல்லாததால் ஒருவரிடமே பலமுறை பதிவு செய்யலாம். ஆனால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா என்பதை நாக்கின் இந்தப் படம் காட்டாது. விழுங்கச் சிரமப்படுபவர் என்றால், விழுங்கல் சிகிச்சையாளர் பக்கத்தில் இல்லாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். இருமலோ, தொண்டையில் நீர் தேங்கியதுபோன்ற ஈரக் குரலோ கேட்டால் பதிவை அங்கேயே நிறுத்துங்கள். அவருக்கு எக்ஸ்ரே வீடியோ அல்லது எண்டோஸ்கோப் பரிசோதனை தேவைப்படலாம்.