புது சிஸ்டம் பொசுக்கென்று அணைகிறதா? பார்மேட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

உசிலம்பட்டியில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு வருடம் காசு சேர்த்து, பாகம் பாகமாக வாங்கி, சொந்தமாக ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணினான். பத்து நாளில் போன் வந்தது. "மாமா, கேம் போட்டா பொசுக்குன்னு ரீஸ்டார்ட் ஆகுது, மூணு தடவை பார்மேட் அடிச்சுட்டேன், சரியாகல." மதுரைக்குத் தூக்கிவந்து கடையில் கொடுத்தால், அங்கே இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாவம், அழாத குறை.

நான் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: ஒரு நோட்டு எடு. ஒவ்வொரு முறை அணையும்போதும் மணி என்ன, என்ன ஓடிக்கொண்டிருந்தது, ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் எரர் காட்டும் நீலத் திரை) வந்ததா இல்லை சும்மா கறுப்பாகப் போனதா, மூன்றையும் எழுது. இதைச் செய்யாமல் ஒரே நாளில் ரேமைக் கழற்றி, டிரைவரை (பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர்) மாற்றி, பயாஸையும் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, திரும்ப வந்தால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

ப்ளூ ஸ்கிரீன் கண்ணில் படுவதற்குள் மறைந்துவிடுகிறதா? ரன் பாக்ஸைத் திறந்து (விண்டோஸ் கீ + R) sysdm.cpl என்று அடித்து சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் போங்கள், அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி, அங்கே தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி திரை அப்படியே நிற்கும், போனில் படம் எடுக்கலாம். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல் (டிரைவரும் காரணமாக இருக்கலாம்). 'வியா அன்கரெக்டபிள் எரர்' (WHEA_UNCORRECTABLE_ERROR) என்றால் ஹார்டுவேர் தானே புகார் சொல்கிறது, பெரும்பாலும் பிராசஸர் பக்கம் அல்லது அதற்குப் போகும் வோல்டேஜ். அப்புறம் ஈவன்ட் வியூவரில் (விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் இடம்) 'கெர்னல்-பவர் 41' என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மிஷின் நின்றது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம், பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 தான் வரும்.

முதலில் ரேம். பெட்டியில் 3200, 6000 என்று பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் பல ரேம்களில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்தால்தான் வரும், பெரும்பாலும் அது ஓவர்கிளாக் கணக்குதான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. பயாஸில் அதை ஆஃப் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு ரேம் போட்டிருந்தால் அவை பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் இருக்கிறதா பாருங்கள் (நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் சரி, மேனுவலில் படமே இருக்கும்). அதற்கும் நிற்கவில்லை என்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே சிஸ்டத்தை பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு எரர் வந்தாலும் விடக்கூடாது, ஒவ்வொரு ரேமாகத் தனியாகப் போட்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, டிடிஆர்5 (புது வகை ரேம்) போர்டு முதல் முறை ஆன் ஆகும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அது ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

சூடு அடுத்தது. சித்திரை வெயிலில் நம் ஊர் மாடி அறை மத்தியானம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை, அந்தக் காற்றைத்தான் ஃபேன் உள்ளே இழுக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO, சூட்டைக் காட்டும் சாஃப்ட்வேர்) போட்டு, கேம் ஓடும்போது பிராசஸர் எத்தனை டிகிரி போகிறது என்று பாருங்கள். 90, 95-ஐத் தொட்டால் முதலில் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிப் போனால்தான் அணையும். ஆன் செய்த ஒரு நிமிடத்திலேயே 90 என்றால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவர்களை நான் இரண்டு பேர் பார்த்திருக்கிறேன்.

கேபினட்டைத் திறந்த கையோடு பிளக்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு கனெக்டரையும் அழுத்திப் பாருங்கள். 24 பின் கனெக்டரின் கொக்கி 'டக்' என்று போர்டின் விளிம்பைக் கவ்வ வேண்டும், ஒரு பக்கம் நூலளவு தூக்கிக்கொண்டு நின்றாலும் சிஸ்டம் ஆன் ஆகும், லோடு ஏறும்போதுதான் விழும். பிராசஸருக்குப் போகும் 8 பின்னும், கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறதும் அதேபோல. கார்டுக்கு இரண்டு கனெக்டர் வேண்டுமென்றால், எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் எடுப்பதே நல்லது.

இனி கரண்ட். மருமகனின் நோட்டில் ஒரு வாரத்துக்கு 6.10, 6.05, 6.20 என்றே இருந்தது. எல்லாம் சாயங்காலம், எல்லாம் கறுப்புத் திரை. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்று அக்காவிடம் கேட்டேன். தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடும் நேரமாம். போர் மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட்டே ஒருமுறை மங்கும், யுபிஎஸ் உடனே பேட்டரிக்கு மாறும். அதுவோ பழைய கம்ப்யூட்டரோடு வந்த 600 விஏ பெட்டி, பொதுவாக 360 வாட் தான் தாங்கும், பேட்டரி நாலு வருடப் பழசு, கேம் ஓடும் புது சிஸ்டமோ மானிட்டரோடு சேர்த்து அதைத் தொட்டுவிடுகிறது. அவ்வளவுதான், படுத்துவிட்டது. கடையில் ஏன் நன்றாக ஓடியது என்பதும் இதில் புரிந்தது. யுபிஎஸ்ஸைக் கழற்றி நேரே சுவர் பிளக்கில் மாட்டி மூன்று நாள் பார்த்தோம், ஒரு தடவைகூட அணையவில்லை, மோட்டார் போட்டபோதும்கூட. இப்போது 1000 விஏக்கு மேல் ஒன்று வாங்கியிருக்கிறான்.

கேபினட் இரும்பைத் தொட்டால் சுருக்கென்கிறதா? டெஸ்டர் வைத்தால் எரிகிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை. சிஸ்டத்தை நிறுத்திவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ5, ஐ7, ஐ9 டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இவற்றில் பலவற்றில் வோல்டேஜ் அதிகமாகப் போய் பிராசஸரே கெட்டுப்போகும் கோளாறு இருந்தது, 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் அதற்கு மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும், பிராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் விட்டது. பயாஸ் அதற்கு முந்தையது என்றால் இன்றைக்கே அப்டேட் செய்யுங்கள், கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அப்டேட் சரிசெய்யாது, ஆனால் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் கூட்டியிருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

பாகம்தான் கெட்டது என்று உறுதியானால் பில், பெட்டி, மெம்டெஸ்ட் சிவப்புத் திரையின் படம், அந்த நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "அப்பப்ப அணையுது" என்று சொல்வதற்கும், "இரண்டாவது ரேமை மட்டும் போட்டால் 20 நிமிடத்தில் எரர் வருகிறது, இதோ படம்" என்று சொல்வதற்கும் கவுன்டரில் கிடைக்கும் பதிலே வேறு.