‘இந்த ஜீன் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

எங்கள் ஊரில் ஏத்தன்பழம் என்போம். அதே பழம் வெளியூர்க் கடைகளில் நேந்திரம்பழம். பெயரை மட்டும் பார்த்து எண்ணினால் இரண்டு வாழை ஆகிவிடும். எம்.எஸ்சி. புராஜெக்டில் நான் செய்தது அதுதான். ஈ.கோலை, ஷிகெல்லா என்ற குடல் பாக்டீரியாக்களின் ஜீனோம்களிலுள்ள (முழு டி.என்.ஏ. தொகுதி) ஜீன் பெயர்களை எக்செலில் போட்டு, பெயர் பொருத்தும் விலுக்கப் வைத்து ஒப்பிட்டேன். நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஷிகெல்லாவில் ‘இல்லை’ என்று வந்தது. பாதிக்கு மேல் வேறு பெயரில் அங்கேயேதான் இருந்தன. இப்போது நாகர்கோவிலில் பாடம் எடுக்கிறேன். என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழி இது.

முதலில் மூன்று ஜீனோம்கள் போதும். ஈ.கோலையின் கே-12 எம்.ஜி.1655 வகை கட்டாயம் வேண்டும். 1997-இல் வெளியான அதன் இப்போதைய பதிப்பில் 46,41,652 டி.என்.ஏ. எழுத்துகள். மிக நன்றாகப் படிக்கப்பட்ட குடல் பாக்டீரியா அதுதான். அப்புறம் 2001-இல் வந்த, நோய் உண்டாக்கும் ஈ.கோலை வகையான ஓ157:எச்7 இ.டி.எல்.933, கிட்டத்தட்ட 55 லட்சம் எழுத்துகள். மூன்றாவது ஷிகெல்லா ஃபிளெக்ஸ்னெரி 301. மூன்றும் அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. மரபணுத் தரவுத் தளத்தில் இலவசம். அதன் பிறகு உங்கள் லேப் மாதிரிகளைச் சேருங்கள்.

லேப்டாப் சின்னதென்று தயங்க வேண்டாம். என்னுடையது 8 ஜிபிதான். கேலக்ஸி என்ற இலவச சர்வரில் ஓட்டுகிறேன். ஆடி மழையில் தக்கலையில் கரண்ட் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபாஸ்ட்ஏ.என்.ஐ. என்ற மென்பொருள் கொண்டு ஜீனோம்களுக்கிடையே டி.என்.ஏ. ஒற்றுமையைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் என்றால் பொதுவாக ஒரே இனம். ஷிகெல்லா தனிப் பேரினம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்தக் கணக்கில் அது ஈ.கோலைக்குள்தான் வரும். பிள்ளைகள் முதல் தடவை அதிர்ச்சியாவது இங்கேதான்.

சரி, இனி முக்கியமான வேலை. என்.சி.பி.ஐ.யிலிருந்து வரும் ஜீன் பட்டியலை ஒதுக்கிவிட்டு வெறும் டி.என்.ஏ. வரிசையை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும், ஜீன்களை அடையாளம் காட்டும் மென்பொருள்களான பக்டா அல்லது ப்ரோக்கா, இரண்டில் ஒன்றில், ஒரே வெர்ஷனில் ஓட்டுங்கள். ஒவ்வொரு மென்பொருளும் ஜீனின் தொடக்கத்தை ஒவ்வொரு இடத்தில் குறிக்கும். கலந்துவிட்டால் மென்பொருளின் வித்தியாசம் பாக்டீரியாவின் வித்தியாசமாகத் தெரியும். பிறகு, எந்த ஜீன் எந்த ஜீனோமில் உண்டு என்று ஒப்பிடும் பனாரூ. பெரும்பாலும், சந்தேகமான ஜீன்களை நீக்கிவிடும் ஸ்ட்ரிக்ட் மோட் போதும். அரிதான பிளாஸ்மிட்தான் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டி.என்.ஏ.) உங்கள் கேள்வி என்றால், அவற்றை நீக்காத சென்சிடிவ்.

பனாரூ தரும் அட்டவணையில் 0 (ஜீன் இல்லை), 1 (உண்டு) என்று இருக்கும். ஒரு 0-வை எடுத்துக்கொள்வோம்: கேட்-ஏ, லைசினை உடைக்கும் நொதியின் ஜீன். கே-12-இல் உண்டு, ஷிகெல்லாவில் இல்லை. இந்த ‘இல்லை’ உண்மையானது; அர்த்தமும் உள்ளது. அந்த நொதி உண்டாக்கும் கடாவெரின், ஷிகெல்லாவின் குடல் நச்சைத் தடுக்கும். 1998-இல் வெளியான ஆய்வில் அந்த ஜீனைத் திரும்ப உள்ளே செலுத்தியபோது நச்சின் வேலை குறைந்தது. அதாவது, ஜீனை இழந்ததே அதற்கு நோய் உண்டாக்க உதவியிருக்கிறது. ஒரு 0-க்குள் இவ்வளவு இருக்கிறது. அதனால்தான் அதில் அவசரப்படக் கூடாது என்கிறேன்.

உங்கள் சொந்த மாதிரியில் 0 வந்தால் கே-12-இன் கேட்-ஏ புரதத்தை (715 அமினோ அமிலங்கள்) எடுத்து, அசெம்பிளியின் (துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஜீனோம்) டி.என்.ஏ.மேலேயே, புரதத்தை வைத்து டி.என்.ஏ.வில் தேடும் டி-பிளாஸ்ட்-என் கொண்டு தேடுங்கள். ஒற்றுமை ஏறக்குறைய 70 சதவீதம் என்று வந்தால் ‘கிடைத்துவிட்டது’ என்று துள்ளாதீர்கள், அது எல்.டி.சி-சி என்ற சகோதர ஜீனாக இருக்கலாம். உண்மையான கேட்-ஏ என்றால் 90-ஐ நன்றாகத் தாண்டும். அப்புறம் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். கே-12-இல் கேட்-ஏவுக்கு முன்னால் கேட்-பி இருக்கும். ஷிகெல்லா ஜீனோமில் இடம் மாறும் துண்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ரீடு என்பது கருவி படித்துத் தரும் டி.என்.ஏ. துண்டு; குட்டி ரீடுகளால் கட்டிய ஷார்ட்-ரீட் அசெம்பிளி அங்கெல்லாம் அறுந்துபோகும். நீங்கள் தேடும் இடம் கான்டிக்கின் (அசெம்பிளியில் அறுபடாமல் சேர்ந்த ஒரு துண்டு) ஓரத்தில் முடிந்தால், மூல ரீடுகளை கே-12-இன் அந்தப் பகுதிமேல் பொருத்திப் பாருங்கள். ரீடுகள் கைவசம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 0 போடாதீர்கள், கேள்விக்குறி போடுங்கள்.