உரக்கரைசலில் வெள்ளை வண்டல்: என் அனுபவம்

மண்ணில்லா விவசாயத்துக்கு நூறு மடங்கு செறிவில் கரைசல் தயாரிக்கும்போது, கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் ஒரே கேனில் சேர்ந்தால் அடியில் மாவு மாதிரி ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படிகிறது. கணக்குப் போட்டால் முன்பே தெரியும். கால்சியம் 0.4 மோலார் (லிட்டருக்கு இத்தனை மோல் என்ற செறிவு அளவு), சல்பேட் 0.2 மோலார், இரண்டையும் பெருக்கினால் வரும் அயனிப் பெருக்கம் 0.08. ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கமோ, அதாவது அயனிப் பெருக்கம் தாண்டினால் வண்டல் படியும் வரம்போ, சுமார் 0.00003 தான்.

இரண்டு கேனாகப் பிரித்ததும் சரியானது: ஒன்றில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். தொட்டியில் முதலில் தண்ணீர். முதலாவது கேனிலிருந்து லிட்டருக்கு 10 மி.லி., நன்றாகக் கலக்கிய பிறகே இரண்டாவதிலிருந்து அதே அளவு. அங்கே 0.004 × 0.002 = 0.000008, வரம்புக்குக் கீழே. பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6-ஐ ஒட்டி இருக்கட்டும். ஏறினால் கால்சியம் பாஸ்பேட் படியும். படிந்த ஜிப்சத்தைச் சூடாக்கிக் கரைக்கப் பார்க்காதீர்கள், வெந்நீரிலும் அது பெரிதாகக் கரையாது.